ஐந்து ஊர்களும் இரண்டு நாள்களும்

2025ஆம் ஆண்டு யூபிலி ஆண்டாக அமைந்தமையால், உரோமை நகருக்குத் திருயாத்திரை செல்ல விரும்பிய குடும்பங்கள் நம் பங்கிலும் சில இருந்தன. அவற்றுள் ஒன்று, ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியரின் குடும்பம். மகன் ஜெர்மனியில் பணிபுரிகிறார். பெற்றோர் உரோமைக்கு வருவதை அறிந்து, தாமும் மனைவி மக்களோடு அங்கே வந்து சேர்ந்துகொள்வதாகவும், திருயாத்திரை முடிந்த பின் எஞ்சியிருக்கும் சனி, ஞாயிறு ஆகிய இரு நாள்களில் இத்தாலிய நாட்டுக் கடற்கரையிலே செங்குத்தான பாறைகளின்மேல் அமைந்துள்ள ஐந்து சிற்றூர்களைப் பெற்றோருக்குக் காட்டுவதாகவும் எழுதியிருந்தார். அதற்கான பயணத்திட்டம் ஒன்றையும் வகுத்து அனுப்பியிருந்தார்.

ஒரு நாள் மாலைத் திருப்பலி முடிந்ததும் ஆசிரியர் அத்திட்டத்தை எடுத்துக்கொண்டு நம் அறைக்கு வந்தார். "சாமி, நீங்கள் அந்தப் பக்கம் போனவர்கள் என்று கேள்விப்பட்டேன். இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். வாங்கிப் பார்த்தோம். சனிக்கிழமை காலை 7 மணி முதல் இரவு 9 மணி வரை அரை மணிக்கு ஒரு வேலை குறிக்கப்பட்டிருந்தது. ஐந்து ஊர்களும் ஒரே நாளில்! மறுநாள் மலைப்பாதையில் நெடுநடை, பிற்பகல் படகு, மாலை இரயில். எங்கே உண்பது, எங்கே படம் எடுப்பது என்பனவெல்லாம் இருந்தன. மூன்று மட்டும் இல்லை. ஞாயிறு திருப்பலி இல்லை. மூட்டுவலியுள்ள அம்மா எங்கே உட்காருவார் என்பது இல்லை. நான்கு ஆண்டுகளுக்குப் பின் சந்திக்கும் தந்தையும் மகனும் எப்போது பேசுவார்கள் என்பதும் இல்லை.

மூன்றாவது குறை ஆசிரியருக்கும் தெரிந்தேயிருந்தது. பூர்வீக வீட்டை விற்றுவிடலாம் என்று மகன் ஒருமுறை எழுதியதிலிருந்து இருவருக்குமிடையே தொலைபேசிப் பேச்சும் உடல்நலம் விசாரிப்பதோடு நின்றுவிட்டிருந்தது. "திட்டம் நிறைய இருந்தால் பேச்சுக்கு இடம் இராது, சாமி. அவனுக்கும் அதுதான் வசதி, எனக்கும் அதுதான் வசதி" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு நம்மை வெகுநேரம் உறுத்தியது.

அன்று அவருக்கு நாம் கூறியவற்றை, இத்தகைய பயணத்தை எண்ணியிருக்கும் பிற குடும்பங்களுக்கும் பயன்படும் எனக் கருதி இங்கே விரித்து எழுதுகிறோம்.

ஐந்து நிலங்கள்

இத்தாலியின் வடமேற்குப் பகுதியில், ஜெனோவா நகருக்கும் லா ஸ்பேசியா துறைமுகத்துக்கும் இடையே, லிகூரியா மாநிலத்தின் கரையோரத்தில் மலைகள் நேரே கடலுக்குள் இறங்குகின்றன. சமவெளி என்று சொல்லத்தக்க நிலம் அங்கே ஏறத்தாழ இல்லை. அந்தச் சரிவிலேதான் ரியோமஜ்ஜோரே, மனரோலா, கொர்னீலியா, வெர்னாட்சா, மோந்தெரோஸ்ஸோ என்னும் ஐந்து ஊர்கள் கிழக்கிலிருந்து மேற்காக வரிசையாய் அமைந்துள்ளன. இவற்றைச் சேர்த்துச் 'சிங்க்வே தெர்ரே' என்பர். 'ஐந்து நிலங்கள்' என்பது பொருள். வீடுகள் செம்மண் நிறத்திலும் மஞ்சளிலும் வெளிர்சிவப்பிலும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிவைத்தாற்போல் தோன்றும். கடலில் இருக்கும் மீனவன் தன் வீட்டைத் தொலைவிலிருந்தே அடையாளம் காண்பதற்காகவே இந்நிறங்கள் என்று ஊரார் சொல்வதுண்டு.

1874ஆம் ஆண்டு இரயில் பாதை இக்கரையை வந்தடையும்வரை, கால்நடையாகவோ கோவேறு கழுதையின்மேலோ படகிலோதான் இவ்வூர்களுக்குச் செல்ல முடிந்தது. 1997இல் யுனெஸ்கோ நிறுவனம் இப்பகுதியை அருகிலுள்ள போர்த்தோவெனரே என்னும் ஊருடனும் மூன்று சிறு தீவுகளுடனும் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 1999இல் இது தேசியப் பூங்காவாயிற்று. 1975இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற கவிஞர் எயுஜேனியோ மொந்தாலே தம் இளமைக்காலக் கோடை விடுமுறைகளைக் கழித்த குடும்ப இல்லம் மோந்தெரோஸ்ஸோவில் உள்ளது.

நம் வாசகர்களுக்கு மற்றொரு செய்தி மகிழ்வளிக்கும். ஐந்து ஊர்களின் நடுவிலும் பழமையான பங்குக் கோவில் ஒன்று உண்டு. ஐந்தும் 13, 14ஆம் நூற்றாண்டுகளில் எழுந்தவை. மோந்தெரோஸ்ஸோவிலும் ரியோமஜ்ஜோரேயிலும் ஸ்நாபக அருளப்பர், வெர்னாட்சாவில் அந்தியோக்கியாவின் புனித மார்கரீத், கொர்னீலியாவில் புனித இராயப்பர், மனரோலாவில் புனித லாரன்ஸ் ஆகியோர் பாதுகாவலர்கள். வெர்னாட்சாக் கோவில் கடலின் விளிம்பிலேயே நிற்கிறது; அலை ஓசையோடு செபிக்கலாம். இவையன்றி, ஒவ்வோர் ஊருக்கும் மேலே மலையில் தேவமாதாவின் திருத்தலம் ஒன்று இருக்கிறது. கீழே பங்குக் கோவில், மேலே அன்னையின் திருத்தலம், இடையே மக்களின் வீடுகளும் திராட்சைத் தோட்டங்களும் என்பதே அவ்வூர்களின் அமைப்பு.

நாம் செய்த பிழை

2014ஆம் ஆண்டு, உரோமையில் ஒரு பயிற்சிக்காகத் தங்கியிருந்த காலத்தில், உடன் பயின்ற இரு குருக்களோடு நாமும் இவ்வூர்களுக்குச் சென்றோம். ஆயத்தம் ஏதுமில்லை. அகலமான பெட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு கொர்னீலியா நிலையத்தில் இறங்கினோம். ஐந்து ஊர்களில் கடலைத் தொடாதது இதுவொன்றே. ஏறத்தாழ 100 மீட்டர் உயரப் பாறையின்மேல் ஊர் இருக்கிறது. இரயில் நிலையமோ அடியில். இடையே ஏறத்தாழ 380 படிகள். பெட்டியை ஒருவர் மாற்றி ஒருவர் தூக்கி மேலே சேர்ந்தபோது, நிலையத்திலிருந்து ஊருக்குச் சிறு பேருந்து ஓடுவதைக் கண்டோம்! விசாரித்திருந்தால் மூச்சிரைத்திருக்க வேண்டியதில்லை.

அன்று மாலையில் படகில் திரும்பலாம் என்று கரைக்கு இறங்கினால், கடல் கொந்தளித்தமையால் படகு இல்லை என்றனர். அடுத்த நாள் நடக்கலாம் என்று எண்ணிய பாதையோ பாறை விழுந்து மூடப்பட்டிருந்தது. மூவரும் ஒருவர்மேல் ஒருவர் குறை சொல்லிக்கொண்டு, ஓர் ஊரையும் ஒழுங்காகப் பாராமல் திரும்பினோம். குருக்களாய் இருந்தும் பொறுமை இழந்த கதையைச் சொல்ல வெட்கமாயிருப்பினும், பிறருக்குப் பாடமாகட்டும் என்றே எழுதுகிறோம்.

எப்போது செல்வது?

முதலில் காலத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வெயிலும் கூட்டமும் மிகுதி. ஆகஸ்டு 15, தேவமாதா விண்ணேற்புத் திருநாளை ஒட்டி இத்தாலியர் அனைவரும் விடுமுறையில் கடற்கரையை நாடுவர். அறை கிடைப்பது அரிது. ஏப்ரல், மே மாதங்களும் செப்டம்பர் இறுதியும் ஏற்றவை. அக்டோபர் நடுவுக்குமேல் இக்கரையில் பெருமழைக்கு வாய்ப்பு அதிகம். மழை எச்சரிக்கை விடுக்கப்பட்டால் மலைப்பாதைகளை மூடிவிடுவர். அவ்வேளையில் "இவ்வளவு தொலைவு வந்துவிட்டோமே" என்று தடையை மீறி நடப்பது அறிவீனம்.

இந்தியாவிலிருந்து செல்வோர் ஷெங்கன் விசா பெற வேண்டும் என்பதையும், அதற்குக் குறைந்தது 30,000 யூரோ அளவுக்கு மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு தேவை என்பதையும் முன்கூட்டியே நினைவில் கொள்க. முதியோருக்கான காப்பீட்டில் பழைய நோய்கள் அடங்குமா என்பதைக் கேட்டுத் தெளிவது நலம்.

எங்கே தங்குவது?

ஐந்து ஊர்களுக்குள் தங்குவது அழகுதான். ஆனால் செலவு மிகுதி, படிகளும் மிகுதி. 'கடலை நோக்கிய அறை' என்று விளம்பரம் செய்யப்படும் பல அறைகள் நாலாவது மாடியில் மின்தூக்கி இல்லாமல் இருக்கும். குடும்பமாகச் செல்வோர் கிழக்கே லா ஸ்பேசியாவிலோ மேற்கே லெவந்தோவிலோ தங்கலாம். இரண்டும் ஓரளவு சமதளமான ஊர்கள்; இரயில் வசதி நிறைந்தவை. ஐந்து ஊர்களுக்குள்ளேயே தங்க விரும்பும் முதியோருக்கு மோந்தெரோஸ்ஸோ ஏற்றது. அங்கே மணற்கரையும் சமமான தெருவும் உண்டு.

உரோமையிலிருந்து லா ஸ்பேசியாவுக்கு இரயிலில் 3 முதல் 4 மணி நேரம் ஆகும். பீசாவிலிருந்து சுமார் 1 மணி நேரம். வெள்ளிக்கிழமை மாலையே வந்து தங்கிவிட்டால், சனிக்கிழமை காலை கூட்டம் சேருமுன் ஊர்களைக் காணலாம். வாடகைக் கார் எடுக்கும் எண்ணம் வேண்டாம். ஊர்களுக்குள் கார் செல்ல இடமில்லை. வெளியே நிறுத்தவும் இடம் அரிது.

எப்படிச் சுற்றுவது?

அங்கே இரயில்தான் நம்மூர் டவுன்பஸ் போன்றது. லா ஸ்பேசியாவிலிருந்து ரியோமஜ்ஜோரே ஏறத்தாழ 8 நிமிடம். அதன்பின் ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குச் சில நிமிடங்களே. பாதையின் பெரும்பகுதி குகைக்குள் செல்வதால், கடல் ஒரு கணம் தோன்றி மறையும். குழந்தைகள் கைதட்டி மகிழ்வர். நாள் முழுவதும் இரயிலில் ஏறி இறங்க உதவும் அட்டை ஒன்றைத் தேசியப் பூங்காவினர் விற்கின்றனர். பருவத்துக்கேற்ப விலை மாறும். இரண்டே முறை ஏறுவதாயின் தனிச் சீட்டே போதும். பல முறை ஏறுவதாயின் அட்டை இலாபம். காகிதச் சீட்டு வாங்குவோர், நிலையத்திலுள்ள சிறு இயந்திரத்தில் அதைச் செருகி முத்திரை பதித்த பின்னரே வண்டியில் ஏற வேண்டும். இதை அறியாமல் அபராதம் கட்டிய யாத்திரிகர் பலர்.

படகு வசந்தகாலம் முதல் இலையுதிர்காலம்வரை ஓடுகிறது. கொர்னீலியா தவிர மற்ற நான்கு ஊர்களிலும் நிற்கும். ஊர்களின் முழு அழகும் கடலிலிருந்து பார்க்கும்போதே விளங்கும். ஆனால் கடல் கொந்தளித்தால் படகில்லை என்பதை நம் அனுபவத்தால் அறிந்தீர்கள். ஆகவே படகை நம்பித் திரும்பும் பயணத்தை அமைக்கலாகாது.

நடக்க விரும்பும் இளையோருக்கு ஊர்களை இணைக்கும் கடலோர மலைப்பாதை உண்டு. மோந்தெரோஸ்ஸோவிலிருந்து வெர்னாட்சாவுக்கு ஏறத்தாழ 2 மணி நேரம், கற்படிகள் ஏராளம். ரியோமஜ்ஜோரேயையும் மனரோலாவையும் இணைக்கும் 'அன்பின் வழி' சுமார் 1 கிலோமீட்டர் நீளமுள்ள எளிய பாதை. 2012 செப்டம்பரில் பாறை சரிந்து சிலர் காயமுற்றதால் மூடப்பட்ட இப்பாதை, நீண்ட சீரமைப்புக்குப்பின் 2024இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இதற்கு நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும். எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பதை அன்றன்று காலையில் விசாரித்துப் புறப்படுக. பிடிப்புள்ள காலணி இன்றியமையாதது. வெறும் செருப்போடு மலைப்பாதையில் நடப்போருக்கு அபராதம் விதிக்கப்படும் என்று 2019இல் பூங்காவினர் அறிவித்தனர். வழுக்கி விழுந்தோரைத் தூக்கி வரும் தொண்டர்களின் உயிரும் அருமையானதன்றோ!

உணவைப் பற்றி

நம் மக்களுக்கு அங்குள்ள உணவு அவ்வளவு அந்நியமன்று. 'ஃபரினாத்தா' என்பது கொண்டைக்கடலை மாவைக் கரைத்து ஒலிவ எண்ணெய் சேர்த்து அடுப்பில் சுடும் மெல்லிய அடை. 'ஃபொக்காச்சா' என்பது ஒலிவ எண்ணெய் ஊறிய தட்டை ரொட்டி. காகிதத்தில் சுற்றிக் கொடுப்பர், குடும்பமே மலிவாகப் பசியாறலாம். மோந்தெரோஸ்ஸோவின் பெருமை நெத்திலி மீன்; உப்பில் அடுக்கிப் பதப்படுத்தியும், எலுமிச்சைச் சாறு பிழிந்தும் உண்பர். திருநீற்றுப்பச்சிலையோடு பூண்டும் பைன் கொட்டையும் பாலாடைக்கட்டியும் ஒலிவ எண்ணெயும் சேர்த்து இடித்த பச்சைத் துவையலே 'பெஸ்தோ'. லிகூரியாவின் தாய்மார் கைப்பக்குவம் இது. அறுவடை செய்த திராட்சையை நிழலில் வாரக்கணக்கில் உலர்த்திப் பிழியும் 'ஷக்கெத்ரா' என்னும் இனிய இரசம் அங்கே திருநாள்களுக்கும் விருந்தினருக்கும் உரியது. நிறையத் திராட்சைக்குச் சிறிதளவே இரசம் கிடைப்பதால், அதைச் சிறு கிண்ணத்தில் சிறிதே பரிமாறுவர்.

சுவர்கள் சொல்லும் செய்தி

இவ்வளவும் பயணக் குறிப்புகள். இனிச் சொல்வதை வாசகர்கள் சற்றுக் கருத்தூன்றிப் படிக்க வேண்டுகிறோம்.

இவ்வூர்களின் பின்னுள்ள மலைச்சரிவைப் பாருங்கள். அடிவாரம் முதல் உச்சிவரை படிக்கட்டு போல் தோட்டங்கள். ஒவ்வொரு படியையும் தாங்கி நிற்பது ஒரு கற்சுவர். அதில் சுண்ணாம்பு இல்லை, சிமெண்டு இல்லை. பெரிய கற்களை முகப்பில் ஒன்றோடொன்று இறுகப் பொருத்தி, பின்னே சிறு கற்களை நிரப்பி, அதன்பின் மண்ணை இட்டிருக்கிறார்கள். பூச்சு இல்லாமையே அச்சுவரின் வலிமை. மழைநீர் கற்களின் இடையே கசிந்து வெளியேறிவிடும். சுவருக்குப் பின் தேங்கித் தள்ளாது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாகத் தலைமுறை தலைமுறையாக மக்கள் கையால் அடுக்கிய சுவர்கள் இவை. கல் அடுக்கும் இக்கலையை 2018இல் யுனெஸ்கோ, இத்தாலி உள்ளிட்ட 8 நாடுகளின் பொதுப் பண்பாட்டுச் செல்வமாக ஏற்றது.

ஆனால் இச்சுவருக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஆண்டுதோறும் ஒருவர் அருகில் நின்று பார்க்க வேண்டும். ஒரு கல் நழுவினால் அன்றே எடுத்து வைக்க வேண்டும். விட்டுவிட்டால் அடுத்த மழையில் சுவர் வயிறு தள்ளும். அதற்கடுத்த மழையில் சரியும். மேலுள்ள படியும் அதைப் பின்தொடரும். லா ஸ்பேசியாவில் 1869இல் கடற்படைத் தொழிற்கூடம் திறக்கப்பட்டது; இரயிலும் வந்தது. மாதச் சம்பளம் தேடி ஆண்கள் நகருக்குச் சென்றனர். பின்னர்ச் சுற்றுலா வந்தது. திராட்சை சுமப்பதைவிட அறை வாடகைக்கு விடுவது எளிதாயிற்று. தோட்டங்களில் பெரும்பகுதி கைவிடப்பட்டது. இதற்காக எவரையும் பழிப்பதற்கில்லை. முதுகொடியச் சுமை சுமந்தவரின் மகன் அதே சுமையை விரும்பாதது இயல்பே. ஆயினும் சுவர் காத்திருக்கவில்லை.

2011 அக்டோபர் 25 அன்று சில மணி நேரத்தில் கொட்டிய பெருமழையில் மலை கரைந்து இறங்கியது. வெர்னாட்சாவும் மோந்தெரோஸ்ஸோவும் சேற்றிலும் கல்லிலும் புதைந்தன. வெர்னாட்சாவில் மட்டும் 3 பேர் மாண்டனர். கடைவீதியில் சேறு முதல் மாடியளவு எழுந்தது. அம்மழை எந்த மலையையும் அசைத்திருக்கும் எனினும், கவனிப்பாரற்ற சரிவுகள் இத்தகைய வேளைகளில் எளிதில் சரிகின்றன என்பதை அம்மக்கள் நன்கு அறிவர். நாம் சென்றபோது மூன்றாண்டுகள் கடந்திருந்தன. ஊர் மீண்டும் நிமிர்ந்து நின்றது. ஆலய வாயிலில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், சேறு எட்டிய உயரத்தைக் கையை உயர்த்திக் காட்டினார். பிறகு அதே கையால் மலையைக் காட்டி, அங்கே சுவர் கட்டத் தம் பேரன் போயிருப்பதாகக் கூறினார். முகத்தில் அத்தனை பெருமிதம்!

ஆகவே இவ்வூர்களுக்குச் செல்வோர், தாம் காட்சிச்சாலைக்குள் நுழையவில்லை, பிறர் வீட்டு முற்றத்துக்குள் நுழைகிறோம் என்பதை உணர வேண்டும். சில ஆயிரம் மக்கள் வாழும் இடத்துக்கு ஆண்டுதோறும் பல இலட்சம் பேர் வருகின்றனர். சுவரின்மேல் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள். திராட்சையைப் பறிக்காதீர்கள். படிக்கட்டை மறித்து அமராதீர்கள். ஊரார் விளைத்ததை, ஊரார் சமைத்ததை வாங்குங்கள். அப்பணம் சுவரைத் தேடிச் செல்லும்.

ஞாயிறு கடமை

பயணத்தில் இருக்கும்போது ஞாயிறு திருப்பலியைப் பலர் மறந்துவிடுகின்றனர். திருச்சபைச் சட்டப்படி, ஞாயிறு அன்றோ அதற்கு முந்திய நாள் மாலையிலோ திருப்பலியில் பங்கெடுத்துக் கடமையை நிறைவேற்றலாம். சிற்றூர்களில் குருக்கள் குறைவாதலால் ஒருவரே பல ஆலயங்களைக் கவனிப்பதுண்டு. எந்த ஆலயத்தில் எத்தனை மணிக்கு என்பதை ஆலய வாயிற்பலகையில் பார்த்துக்கொள்க. மொழி புரியாவிடினும் திருப்பலியின் ஒழுங்கு ஒன்றே. தோளும் முழங்காலும் மறையும் உடையில் செல்க. திருப்பலி வேளையில் படம் எடுப்பது வேண்டாம்.

முதியோரால் மலைத் திருத்தலங்களுக்கு நடந்து ஏற இயலாது. ஆயினும் மனரோலாவிலிருந்து வொலாஸ்த்ராவுக்குச் சிறு பேருந்து செல்கிறது; அங்கே ஆரோக்கிய அன்னையின் திருத்தலம் இருக்கிறது. நம் நாட்டிலிருந்து செல்லும் எந்தத் தாய்க்கும் அப்பெயரைக் கேட்டதும் வேளாங்கண்ணி நினைவுக்கு வராமலிராது. மனரோலாவில் மற்றொன்றும் உண்டு. ஓய்வுபெற்ற இரயில்வே தொழிலாளி ஒருவர், கழித்துப் போட்ட பொருள்களைக்கொண்டு தம் கையாலேயே உருவங்கள் செய்து, திராட்சைத் தோட்டச் சரிவு முழுவதையும் கிறிஸ்துமஸ் குடிலாக்கி மின்விளக்கேற்றினார். டிசம்பர் மாதத்தில் கடலிலிருந்தும் தெரியும் குடில் அது.

நாம் தந்த திட்டம்

ஆசிரியரிடம் நாம் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தது இவ்வளவே:

வெள்ளி மாலை லா ஸ்பேசியா. அங்கேயே இரு இரவும் தங்குதல். பெரிய பெட்டிகள் அறையைவிட்டு நகர வேண்டாம். சனி காலை முதல் வண்டிகளில் ஒன்றில் வெர்னாட்சா. புனித மார்கரீத் கோவில், துறைமுகம், காலையுணவு. இளையோர் விரும்பினால் மலைப்பாதையில் பாதி தூரம் ஏறித் திரும்பட்டும். அம்மா துறைமுகத்துக் கல்லிருக்கையில் பேரக்குழந்தைகளோடு இருக்கட்டும். பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை ஒன்றுமில்லை. மாலை லா ஸ்பேசியா திரும்பித் திருப்பலி. ஞாயிறு காலை மனரோலா, பேருந்தில் வொலாஸ்த்ரா, அன்னையிடம் செபம், இறங்கி மதிய உணவு, மாலை உரோமைக்கு வண்டி. கடல் அமைதியாய் இருந்தால் ஒருமுறை படகு, இல்லையேல் இல்லை.

ஆசிரியர் தாளைப் பார்த்தார். "மூன்று ஊர்கள் விட்டுப் போகின்றனவே, சாமி! பிற்பகலில் மூன்று மணி நேரம் ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறீர்களே?"

"அதுதான் திட்டத்தின் முக்கியமான பகுதி. அதை மட்டும் மாற்றாதீர்கள்" என்றோம்.

அரைமனத்தோடுதான் எடுத்துச் சென்றார்.

திரும்பி வந்தபின்

செப்டம்பர் இறுதியில் அக்குடும்பம் சென்று திரும்பியது. அடுத்த ஞாயிறு திருப்பலிக்குப்பின் ஆசிரியர் வந்து, அன்னையின் படம் பொறித்த அட்டை ஒன்றை நம் கையில் கொடுத்தார். உரோமையைப் பற்றி நெடுநேரம் பேசினார். ஐந்து ஊர்களைப் பற்றி நாமே கேட்க வேண்டியிருந்தது.

"அந்த வெறும் மூன்று மணி நேரம் முதலில் பெரும் பாடாக இருந்தது, சாமி. பிள்ளைகள் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் இருவரும் நிழலில் இருந்தார்கள். அவனும் நானும் சும்மா உட்கார்ந்திருந்தோம். அரை மணி நேரம் ஒரு வார்த்தையில்லை. பிறகு ஊருக்குப் பின்னால் கொஞ்சம் மேலே நடந்தோம். அங்கே என் வயதுள்ள ஒருவர் சரிந்த சுவரை அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு கல்லை எடுப்பார். திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பொருந்தவில்லையென்றால் வைத்துவிட்டு வேறொன்றை எடுப்பார். அவன் நின்று பார்த்துக்கொண்டேயிருந்தான். பிறகு, 'அப்பா, நம் வீட்டுக் கிணற்றடிச் சுவர் இன்னும் நிற்கிறதா?' என்று கேட்டான்."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"போன மழையில் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்றேன். எனக்கு ஏன் சொல்லவில்லை என்றான். நீ கேட்கவில்லையே என்றேன். சொன்னபிறகுதான், நானும் சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றியது."

வீட்டை விற்பதா இல்லையா என்பது இன்னும் முடிவாகவில்லை. வெளிநாட்டில் வாழும் மகனுக்கும் அவனுடைய நியாயம் உண்டு; மண்ணை விட்டுப் பிரிய மனமில்லாத தந்தைக்கும் நியாயம் உண்டு. ஆனால் இப்போது வாரந்தோறும் தொலைபேசியில் அதைப் பற்றி இருவரும் பேசுகின்றனர். சிலவேளைகளில் கோபத்தோடும் பேசுகின்றனராம். வரும் கோடை விடுமுறையில் மகன் வருவதாக இருக்கிறார். கிணற்றடிச் சுவருக்குக் கற்கள் வந்து இறங்கிவிட்டன.

அன்பார்ந்த குடும்பத்தாரே! பயணம் புறப்படுமுன் சீட்டும் விசாவும் அறையும் பெட்டியும் பாருங்கள், அவை தேவையானவை. ஆனால் திட்டத்தை எழுதி முடித்தபின் ஒருமுறை மீண்டும் படித்து, அதில் இறைவனுக்கு நேரம் இருக்கிறதா, உங்களோடு வரும் முதியவருக்கு இருக்கை இருக்கிறதா, நெடுநாள் பேசாதிருந்த இருவர் ஒருவர்பக்கம் ஒருவர் திரும்ப இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையேல் ஓர் ஊரை அடித்துவிடுங்கள். அந்த ஊர் அங்கேயேதான் இருக்கும். சுவர்களைப் பேணும் கைகள் உள்ளவரை நிச்சயம் இருக்கும்.